9 மி.மீ. கார்பைனுக்கு ஒலியடக்கி: மரையைப் பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி: டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கு வெளியே வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் 16 அங்குலக் குழல் கொண்ட ரூகர் பிசி கார்பைன் (குட்டையான தோள் துப்பாக்கி), 9 மி.மீ., இருக்கிறது. சொந்த நிலத்தில், மண் அணைக்கு எதிரே இலக்கு வைத்துச் சுடுவதுதான் என் பொழுதுபோக்கு. நான் இடது கைப் பழக்கம் உள்ளவன். சில மாதங்களாக வலது காதில் இரைச்சல் கேட்கிறது. ஒலியடக்கிகள் மீதான வரி நீங்கிவிட்டது என்பதால் ஒரு சப்ரசர், அதாவது ஒலியடக்கி, வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். 45 காலிபர், அதாவது அகலமான துளை கொண்டதை, வாங்கினால் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று ஒருவர் சொன்னார். சிறியது போதும் என்று இன்னொருவர் சொன்னார். நண்பர் ஒருவர் தன் 5.56 மி.மீ. துப்பாக்கியின் சப்ரசரை முதலில் மாட்டிப் பார்க்கும்படி சொல்கிறார். எதை வாங்குவது? வாங்கிய பிறகு காதுக்கவசம் இல்லாமல் சுடலாமா? 14 வயது மகளையும் பழக்க விரும்புகிறேன். கோடையில் இரண்டு மாதம் திருநெல்வேலிக்குப் போகும்போது அதை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். துப்பாக்கிப் பழுதுபார்ப்பிலும் சுடுதளப் பயிற்சியிலும் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, எதை வாங்குவது என்ற கேள்வியைவிட உங்கள் நண்பரின் யோசனைதான் என்னை முதலில் பதறவைத்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நண்பரின் 5.56 ஒலியடக்கியை உங்கள் கார்பைனில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது மாட்டிக்கொள்ளும் என்பதுதான் இதிலுள்ள அபாயம். அமெரிக்கச் சந்தையில் 5.56 துப்பாக்கிக் குழலின் வாயில் வெட்டப்படும் மரையும் 9 மி.மீ. குழலின் வாயில் வெட்டப்படும் மரையும் பெரும்பாலும் ஒன்றே: அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. உங்கள் ரூகரிலும் அதே மரைதான். ஆனால் 5.56 தோட்டாவின் குண்டு 5.7 மி.மீ. விட்டம் கொண்டது, உங்களுடையது 9 மி.மீ.க்கும் சற்றே கூடுதல். ஒலியடக்கியின் உள்ளே சிறிய குண்டுக்கென்று துளையிடப்பட்ட தடுப்புத் தட்டுகளுக்குள் பெரிய குண்டு பாய்ந்தால் தட்டுகள் பிய்ந்து, உறை கிழிந்து, சில வேளைகளில் குழலும் சேதமாகும். அருகில் நிற்பவருக்கு என்ன நேரும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இந்தத் தவறைத் தடுப்பதற்காகவே ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளின் பழைய 9 மி.மீ. குழல்கள் சிலவற்றில் அங்குலத்துக்கு 36 சுற்று என்ற வேறு மரையை வெட்டினார்கள். பிற்பாடு வசதி கருதி அந்த வழக்கம் தேய்ந்துபோயிற்று. எனவே மரை பொருந்துகிறது என்பது ஒலியடக்கி பொருந்துகிறது என்பதற்குச் சான்று ஆகாது. உறையின் மேல் பொறித்திருக்கும் காலிபரைப் படித்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

அடுத்து, இந்தக் கருவியிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை தவறானதும் அல்ல. 1909-இல் துப்பாக்கிக்கான முதல் வெற்றிகரமான ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் மோட்டார் வாகனத் துறைப் பொறியாளரும் ஆவார். எந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகன். குழலிலிருந்து பீறிட்டு வரும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, குளிரவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புவதே இரு கருவிகளின் வேலையும். புல்லட் வண்டிக்குச் சைலன்சர் இருந்தும் தெருமுனையிலேயே அதன் வருகை தெரிந்துவிடுவதைப்போல, துப்பாக்கியின் ஓசையும் குறையுமே தவிர இல்லாமல் போகாது. திரைப்படங்களில் கேட்கும் அந்த மெல்லிய 'புஸ்' ஓசையை மறந்துவிடுங்கள்.

எண்ணில் சொன்னால், ஒலியடக்கி இல்லாத 9 மி.மீ. சுடுகலன் குழல் வாயருகே ஏறத்தாழ 160 டெசிபல் உச்ச ஓசையை எழுப்புகிறது. நல்ல ஒலியடக்கியும் பொருத்தமான தோட்டாவும் சேர்ந்தால் அது 125 முதல் 135 டெசிபல் வரை இறங்கும். டெசிபல் என்பது மடக்கை அளவு என்பதால், 20 டெசிபல் குறைந்தால் ஒலியழுத்தம் பத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே இது சிறிய குறைவு அல்ல. வெடிப்பொலிகளுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வகுத்துள்ள உச்ச வரம்பு 140 டெசிபல். வளர்ந்தவர் ஒருவர் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறார் என்பதே ஒலியடக்கியின் உண்மையான பயன். ஆனால் குழந்தைகளுக்கு உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைத்த உச்சம் 120 டெசிபல் மட்டுமே. உங்கள் மகளைப் பொறுத்தவரை ஒலியடக்கி மாட்டிய கார்பைனும் வரம்பு மீறிய ஓசைதான். அவள் காதுக்கவசம் இல்லாமல் சுடவும் கூடாது, நீங்கள் சுடும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாது. பெரியவர்களின் கவசம் சிறு தலையில் சரியாக அமராது. கண்ணாடியின் காம்பு இடைவெளி உண்டாக்கினாலும் பயன் குறையும் என்பதால் அவளுக்கென்று அளவு பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கும் இதே பதில்தான், அதுவும் இன்னும் அழுத்தமாக. நீண்ட துப்பாக்கியை வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காது குழல் வாயை நோக்கித் திரும்பியிருக்கும், வலது காது தலையின் நிழலில் மறைந்திருக்கும். ஆகவே அவர்களுக்கு இடது காதுதான் முதலில் கெடும். இடது தோளில் வைத்துச் சுடும் உங்களுக்கு வலது காதில் இரைச்சல் என்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நான் மருத்துவன் அல்லன். காரணம் வேறாகவும் இருக்கலாம். ஒலியடக்கிக்கு ஒரு டாலர் செலவழிப்பதற்கு முன் செவித்திறன் நிபுணரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைச்சல் தொடங்கிய காதுக்கு 130 டெசிபல் பாதுகாப்பான அளவு என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒலியடக்கியும் கவசமும் சேர்ந்தே இருக்கட்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். ஒலியடக்கியைவிடத் தோட்டாவே ஓசையை அதிகம் தீர்மானிக்கிறது என்று நான் சொன்னால், கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் நம்புவதில்லை. குழல் வாயில் எழும் வெடியோசையை மட்டுமே ஒலியடக்கி தணிக்க முடியும். குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்தால், அது செல்லும் வழி நெடுக எழும் சாட்டையடி போன்ற விரிசல் ஓசையை ஆயிரம் டாலர் கருவியாலும் தடுக்க முடியாது, ஏனெனில் அந்த ஓசை பிறப்பது கருவிக்கு வெளியே. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 115 கிரெயின் (குண்டின் எடை அளவு) தோட்டா கைத்துப்பாக்கியிலேயே நொடிக்கு 350 மீட்டரை ஒட்டிப் பறப்பது. உங்கள் 16 அங்குலக் குழலில் அது 380 மீட்டரையும் தாண்டிவிடும். 124 கிரெயினும் இந்தக் குழலில் பெரும்பாலும் ஒலியை மிஞ்சும். 147 கிரெயின் தோட்டாதான் பெரும்பாலும் நொடிக்கு 300 முதல் 320 மீட்டர் வரை நின்று, ஒலி வேகத்துக்குக் கீழே அமைதியாகப் பறக்கிறது.

ஒலியின் வேகமும் நிலையானது அல்ல. ஆகஸ்ட் மாதத்து டெக்சஸ் வெயிலில், 38 டிகிரி செல்சியஸில், அது நொடிக்கு ஏறத்தாழ 354 மீட்டர். ஜனவரிக் காலைக் குளிரில், உறைநிலையில், 331 மீட்டர். கோடையில் அமைதியாகப் பறந்த அதே தோட்டா குளிர்காலத்தில் அவ்வப்போது விரிசல் ஓசை எழுப்பினால் ஒலியடக்கி கெட்டுவிட்டது என்று எண்ணி எனக்குத் தொலைபேச வேண்டாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் 147 கிரெயின் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, வேகமானி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் இருந்தால் உங்கள் துப்பாக்கியிலேயே அளந்து பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது.

உங்கள் குழலின் நீளம் உங்களுக்குச் செய்திருக்கும் ஓர் உதவியும் இங்கே உண்டு. 9 மி.மீ. தோட்டாவில் உள்ள வெடிமருந்து மிகக் குறைவு. 16 அங்குலக் குழலின் கடைசிப் பகுதியைக் குண்டு கடக்கும்போது மருந்து எரிந்து முடிந்திருக்கும், வாயு விரிந்து அழுத்தம் தணிந்திருக்கும். அதாவது உங்கள் குழலே ஓர் ஒலியடக்கியின் முதல் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நான்கு அங்குலக் கைத்துப்பாக்கிக்கு நீளமான ஒலியடக்கி தேவைப்படும் இடத்தில் உங்களுக்குக் குட்டையான ஒன்றே ஏறத்தாழ அதே பலனைத் தரும். சிறியது போதும் என்று சொன்னவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. எட்டு அங்குல நீளமுள்ள ஒன்றை 16 அங்குலக் குழலின் நுனியில் தொங்கவிட்டால் துப்பாக்கி தூண்டில் கோலைப்போல முன்னால் சாயும். பதினான்கு வயதுப் பெண் அதைத் தூக்கிப் பிடித்துப் பத்துத் தோட்டா சுடுவதற்குள் கை நடுங்கும்.

இருந்தாலும் மிகக் குட்டையான 'கே' வகையை உங்களுக்கு நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். சைலன்சர்கோ நிறுவனத்தின் ஒமேகா 9கே போன்றவை உறுதியானவை, எடை குறைந்தவை, நல்ல பெயர் பெற்றவை. ஆனால் உங்கள் கவலை காது. ஒவ்வொரு டெசிபலும் உங்களுக்குப் பொருட்டு. அதனால் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற வகையைப் பாருங்கள். ரக்கட் நிறுவனத்தின் ஆப்சிடியன் 9, டெட் ஏர் நிறுவனத்தின் வுல்ஃப்மேன் ஆகியவை அப்படிப்பட்டவை. முன்பகுதியைக் கழற்றினால் குட்டை, சேர்த்தால் முழு நீளம். நீங்கள் தனியாக மேசை மேல் தாங்கி வைத்துச் சுடும்போது முழு நீளமும், மகள் நின்றபடி சுடும்போது குட்டையும் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றில் எது என்பது உங்கள் பணப்பையும் கடையில் அன்று இருப்பதும் தீர்மானிக்கிற விஷயம். இரண்டில் எதையும் வாங்கி வருந்திய வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

45 காலிபர் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய துளை வழியே சிறிய குண்டு போகலாம். அதில் ஆபத்து இல்லை. ஆனால் குண்டைச் சுற்றி மிஞ்சும் இடைவெளியில் வாயு தப்பியோடும். ஓசை சில டெசிபல் கூடும். கருவியும் பருமனாகவும் கனமாகவும் இருக்கும். உங்களிடம் 45 காலிபர் கைத்துப்பாக்கி இருந்தாலோ அடுத்த ஆண்டு வாங்கும் எண்ணம் இருந்தாலோ அது சிக்கனமான வழி. ஒரே ஒரு 9 மி.மீ. கார்பைன் வைத்திருப்பவருக்கு அது, என்றோ பிறக்கப் போகும் பிள்ளைக்கு இப்போதே சட்டை தைப்பது.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறு நடப்பது மாட்டும் முறையில்தான். பெரும்பாலான 9 மி.மீ. ஒலியடக்கிகள் கைத்துப்பாக்கியை மனத்தில் வைத்து விற்கப்படுவதால், பெட்டிக்குள் பூஸ்டர் எனப்படும் சுருள்வில் பொறி இருக்கும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் சுடும்போது குழல் பின்வாங்கிச் சாயும். அதன் நுனியில் கனமான பொருள் தொங்கினால் இயக்கம் நின்றுவிடும் என்பதால், அந்தக் கனத்தைக் கணநேரம் குழலிலிருந்து விடுவிப்பதற்காக இந்தச் சுருள்வில்லை வைக்கிறார்கள். உங்கள் ரூகரின் குழல் அசையாதது. அசையாத குழலில் பூஸ்டரோடு மாட்டினால் ஒவ்வொரு வெடிக்கும் ஒலியடக்கி முன்னும் பின்னும் மோதி, சுருள்வில்லும் உள்ளுறுப்புகளும் அடிபட்டுக் கெடும். சுருள்வில்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிலையான ஸ்பேசரைப் போட வேண்டும். அல்லது பூஸ்டர் பகுதியையே கழற்றிவிட்டு நேரடி மரை மவுண்டைப் பொருத்த வேண்டும். இந்த உறுப்பு பல நேரங்களில் தனியாக விற்கப்படுகிறது. எனவே ஒலியடக்கியின் விலையைக் கேட்கும்போதே, அசையாத குழலுக்கான மவுண்ட் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 'ஹப்' என்ற பொது மரை கொண்ட ஒலியடக்கியாக இருந்தால் நாளை வேறு துப்பாக்கி வாங்கினாலும் மவுண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எம்பி5 வகைத் துப்பாக்கிகளுக்கான மூன்று காது கொண்ட ட்ரை-லக் இணைப்பைச் சிலர் ஆசைப்பட்டு வாங்குவார்கள். சட்டென்று மாட்டிக் கழற்ற அது அருமையானதுதான், ஆனால் ஒரே துப்பாக்கி வைத்திருக்கும் உங்களுக்கு நேரடி மரையே போதும். ஒவ்வோர் இணைப்பும் கோணலுக்கு ஒரு வாய்ப்பு.

கோணலைப் பற்றி என் கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் ஒருவர் வேறெங்கோ மரை வெட்டிக்கொண்டு வந்த குழலில், நேர்கோட்டுக் கம்பி விட்டுப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே சரி என்று முடிவு செய்து ஒலியடக்கியை மாட்டிச் சுட்டேன். மூன்றாவது குண்டு முன்மூடியை உரசிக்கொண்டு போனது. அவசரம் என்னுடையது, நஷ்டமும் என்னுடையது. தடுப்புத் தட்டு ஒவ்வொன்றும் அமெரிக்கச் சட்டப்படி ஒலியடக்கியின் உறுப்பு என்பதால் மாற்றுத் தட்டை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ள முடியாது. உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டும். அதனால்தான் வாரண்டியை மதிக்கும், நெடுநாள் நிலைத்திருக்கக்கூடிய நிறுவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் குழலின் மரை தொழிற்சாலையிலேயே வெட்டியது என்பதால் சிக்கல் இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் தோட்டாவும் மேகசினும் இல்லை என்று இருமுறை உறுதி செய்துவிட்டு, 9 மி.மீ. நேர்கோட்டுக் கம்பியைக் குழல் வழியே விட்டு, ஒலியடக்கியின் வாயில் அது நடுவே தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். சுடும்போது மேகசினுக்கு ஒரு முறையாவது, சூடு தாங்கும் கையுறையோடு, மரை தளர்ந்திருக்கிறதா என்று திருகிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒலியடக்கி மாட்டிய பிறகு குண்டு படும் இடமும் சற்று நகரும். அதை மாட்டிய நிலையிலேயே குறியைச் சரிசெய்யுங்கள்.

இடது கைப் பழக்கத்தால் வரும் சங்கடத்தைக் கடைக்காரர்கள் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கார்பைன் நேரடி பின்தள்ளல் முறையில் இயங்குவது. கனமான போல்ட்டும் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகக் கட்டை) சுருள்வில்லும் மட்டுமே வெடியழுத்தத்தை எதிர்த்து நிற்கின்றன, பூட்டு எதுவும் இல்லை. ஒலியடக்கி வாயுவைத் தேக்கி வைப்பதால், போல்ட் திறக்கும்போது அதில் ஒரு பகுதி பின்னோக்கி வந்து, வெற்றுக்கூடு வெளியேறும் வாயில் வழியே பீறிடும். அந்த வாயில் வலப்பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுடும் உங்கள் முகமும் அதே பக்கம். புகையும் கரித்துகளும் நேரே கண்ணை நோக்கி வரும். அங்கே எழும் ஓசையும் உங்கள் வலது காதுக்குப் பக்கத்திலேயே எழும். ரூகரில் மேகசின் விடுவிப்பானையும் இழுபிடியையும் இடப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வெற்றுக்கூட்டு வாயிலை மாற்ற முடியாது. ஆகவே பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உங்களுக்குக் கட்டாயம். வாயுவைப் பின்னால் தேக்காமல் முன்னோக்கி வழியவிடும் 'ஃப்ளோ-த்ரூ' வகை ஒலியடக்கிகளை ஹக்ஸ்வர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. குழல் வாயில் அளக்கும்போது அவை சற்றே ஓசை கூடியவையாகத் தெரியலாம். ஆனால் சுடுபவரின் காதருகே நிலைமை வேறு. நீங்கள் வலது கைக்காரராக இருந்தால் நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். கடையோடு சேர்ந்த சுடுதளத்தில் இரண்டு வகையையும் மாட்டிச் சுட்டுப் பார்க்க முடிந்தால், இடது தோளில் வைத்தே சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். காகிதத்தில் அச்சிட்ட டெசிபல் எண்கள் பெரும்பாலும் வலது கைக்காரருக்காக அளந்தவை.

உலோகத்தைப் பற்றி அதிகம் மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்கோனல், ஸ்டெலைட் போன்ற கடும் உலோகங்கள் குட்டைக் குழல் ரைஃபிள்களின் சூட்டுக்கானவை. உங்கள் குழல் நீளத்துக்கும் சுடும் வேகத்துக்கும் டைட்டானியமோ, துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் கலந்த அமைப்போ தாராளமாகத் தாங்கும். உள்ளே பிரித்துச் சுத்தம் செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது. பூசப்படாத ஈயக் குண்டு பயன்படுத்துவீர்களானால் அது அவசியமே. சுத்தம் செய்வதற்கு வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். ஈயம் கரைந்து தோல் வழியே உடலில் ஏறக்கூடிய நச்சு நீர் கிடைக்கும், அலுமினியமும் அரிக்கப்படும். வீட்டில் பெண் குழந்தை இருக்கும்போது ஈயத்தோடு விளையாட்டு வேண்டாம். சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வரி நீங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான், ஆனால் நீங்கியது வரி மட்டுமே. 1934-ஆம் ஆண்டுத் தேசியச் சுடுகலன் சட்டம் விதித்த 200 டாலர் வரி, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் ஒலியடக்கிகளுக்குப் பூஜ்யமாகியிருக்கிறது. படிவம் 4 எனப்படும் உரிமை மாற்ற விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்கு அறிவிப்பு, பின்னணிச் சோதனை, ஒப்புதல் வரும் வரை பொருள் கடையிலேயே இருப்பது ஆகிய எல்லாம் அப்படியே நீடிக்கின்றன. டெக்சஸிலேயே செய்த ஒலியடக்கிக்குக் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாது என்று 2021-இல் மாநிலம் இயற்றிய சட்டத்தைக் காட்டி யாரேனும் பதிவில்லாமல் விற்க முன்வந்தால், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூட்டாட்சி வழக்கறிஞர் முன் அந்த வாதம் உங்களைக் காக்காது. 'சுத்தம் செய்யும் கரைப்பான் பிடிப்பான்' என்ற பெயரில் இணையத்தில் மலிவாக வரும், பதிவில்லா ஒலியடக்கியாகவே கருதப்படக்கூடிய உருளைகளும் இதே வகைத் தொல்லைதான். பதிவு செய்த கருவியைக் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குள் கொண்டுபோக முடியாது என்பதையும், நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் உள்ள உறவினர் வீட்டுக்குக் காரில் கிளம்பும் முன் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம்மவர்களின் நிலத்தில் வார இறுதிக்கு நண்பர்கள் கூடுவது வழக்கம். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் முதலான சில விலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டும் என்று நீங்கள் நீட்டும் கார்பைன் அவருடைய குடியேற்ற வாழ்க்கையையே முடித்துவிடலாம். பச்சை அட்டை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

திருநெல்வேலிப் பயணத்துக்கு வருவோம். ஒலியடக்கியை ஊருக்கு எடுத்துச் செல்லும் எண்ணம் விளையாட்டாகக்கூட வேண்டாம். அமெரிக்காவில் அது போர்த்தளவாடப் பட்டியலில் இருக்கும் பொருள். ஏற்றுமதி உரிமம் இல்லாமல் பெட்டியில் வைத்து விமானம் ஏறுவதே குற்றம். இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளை அளவு (prohibited bore) என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. பொருள் டெக்சஸ் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்க வேண்டும். அப்போது அந்தப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்வி எழுகிறது. ஒலியடக்கி உங்கள் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தால், நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது உங்கள் துணைவியார் அதை எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதே சட்டச் சிக்கல். இதற்காகவே பலர் தனிப் பெயரில் வாங்காமல் ஒரு ட்ரஸ்ட் அமைத்து, கணவன் மனைவி இருவரையும் அதில் பொறுப்பாளர்களாகச் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். இருவருமே கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும், மகள் வயது வந்ததும் அவளையும் சேர்த்துக்கொள்ளலாம். தனிப் பெயரில் பதிந்த பிறகு ட்ரஸ்டுக்கு மாற்ற நினைத்தால் மறுபடியும் படிவம், மறுபடியும் காத்திருப்பு. எனவே கடைக்காரர் படிவத்தை நிரப்பத் தொடங்கும் முன்பே, இதில் பழக்கமுள்ள டெக்சஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, யார் பெயரில் வாங்குவது என்பதை முடிவு செய்துவிடுங்கள்.